கையெழுத்து வாங்கும் முன் படித்துக் காட்டுங்கள்

வன்னியம்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் சுற்றுவட்டாரத்திலிருந்து மனிதவள மேலாண்மை படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

கணக்கு வராதவர்களும் மார்க்கெட்டிங்குக்கு ஊர் ஊராக அலைய முடியாதவர்களும் எடுக்கிற பாடம்தான் ஹெச்.ஆர். என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நம்பாதீர்கள். ஒரு ஆலையில் பஞ்சு விலையைத் தப்பாகக் கணித்தால் ஒரு வருட லாபம் போகும். ஆட்களைத் தப்பாக நடத்தினால் ஒரு குடும்பத்தின் பத்து வருடம் போகும். அவ்வளவு பெரிய காரியத்தைக் கையில் எடுக்கப் போகிறீர்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன். மில் டைம் ஆபீசிலும் பெர்சனல் டிபார்ட்மென்ட்டிலும் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தவன் நான். எனக்குத் தெரிந்ததை நம் ஊர்ப் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

இந்தப் படிப்புக்கு நம் வட்டாரத்தைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து ஷிப்ட் சங்குக்குத் தூங்கி எழுந்த ஊர்கள் இவை. சத்திரப்பட்டிப் பக்கமும் சமுசிகாபுரம் பக்கமும் தறிச் சத்தம். அங்கே நெய்கிற பேண்டேஜ் துணிதான் எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டாகிறது. கிழக்கே போனால் சிவகாசியின் அச்சகங்கள், தீப்பெட்டி ஆபீஸ்கள், பட்டாசு ஆலைகள். உங்களில் பலர் வீட்டில் அம்மாவோ அக்காவோ கோன் வைண்டிங்கிலோ ஸ்பின்னிங்கிலோ நின்றவர்கள். அரை நைட் என்றால் என்ன, முழு நைட் முடிந்து வருகிறவர் ஏன் சாப்பிடாமலே படுத்துவிடுகிறார் என்பதெல்லாம் உங்களுக்குப் புத்தகம் சொல்லித் தர வேண்டியதில்லை. டைப் அடித்த கேஸ் ஸ்டடியில் இதைப் படிக்கிற நகரத்துப் பிள்ளைகளிடம் அந்த அறிவு கிடையாது. கல்லூரி வாசலில் அதைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகாதீர்கள்.

கோட்பாடுகளைப் படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. 1911-ல் டெய்லர் வேலையை நிமிடக் கணக்கில் அளந்தார். 1920-களில் அமெரிக்காவின் ஹாதார்ன் ஆலையில் தொடங்கிய ஆய்வுகளை வைத்து எல்டன் மேயோ, வேலை செய்கிறவருக்குக் கூட இருக்கிறவர்களும் கேட்க ஒரு காதும் எவ்வளவு முக்கியம் என்று பேசினார். நம் நாட்டிலேயே 1970-களின் நடுவில் உதய் பரீக்கும் டி.வி. ராவும் லார்சன் அண்ட் டூப்ரோவுக்காக மனிதவள மேம்பாட்டுக்கென்று தனித் துறையை வடிவமைத்துக் கொடுத்தார்கள். இவை பரீட்சைக்கு வரும், படித்துவிடுவீர்கள்.

பரீட்சைக்கு அதிகம் வராத ஒரு கதை இருக்கிறது. நீங்கள் உட்காரப்போகும் நாற்காலி எங்கிருந்து வந்தது என்ற கதை. சென்னைப் பெரம்பூரில் பக்கிங்காம் கர்நாடிக் மில். மதியம் சாப்பிடக் கொடுத்த இடைவேளை கையைக் கழுவவே சரியாக இருந்தது. கொஞ்சம் தாமதமாக வந்தால் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். அந்தக் குறையைக் கேட்க ஆள் இல்லாமல்தான் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் பி.பி. வாடியாவைத் தேடிப் போனார்கள். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு.வி.க. அதில் தோளோடு தோள் நின்றார். நிர்வாகம் சங்கத் தலைவர்கள் மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடை வாங்கியது. சங்கம் அமைப்பதே குற்றமாகிவிடுமோ என்ற அந்த அச்சத்திலிருந்துதான் 1926-ன் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழி பிறந்தது. சாப்பாட்டு நேரத்தைப் பற்றி நிதானமாகக் காது கொடுத்துக் கேட்க நிர்வாகத்தில் ஒரு ஆள் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் பல முறை நினைத்ததுண்டு.

அந்த ஆளை வைக்கச் சொன்னது தொழிலாளர் நிலை பற்றி 1931-ல் அறிக்கை கொடுத்த ராயல் கமிஷன். அந்தக் காலத்தில் ஆலைக்கு ஆள் எடுத்தவர் மேஸ்திரி. வேலைக்குச் சேர அவருக்குக் காசு, லீவு எடுக்க அவருக்குக் காசு, லீவு முடிந்து திரும்பச் சேரவும் அவருக்கே காசு. அந்தப் பிடியை உடைக்க, ஆள் எடுப்பதையும் குறை கேட்பதையும் லேபர் ஆபீசர் என்ற ஒருவரிடம் ஒப்படையுங்கள் என்று கமிஷன் பரிந்துரைத்தது. பிறகு 1948-ன் தொழிற்சாலைச் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் கட்டாயம் என்றது. ஆக, உங்கள் வேலை உண்டானதே தொழிலாளிக்கும் நிர்வாகத்துக்கும் நடுவில் நின்று காசு பார்த்தவரை அகற்றுவதற்காக. இதைத் தெரிந்துகொண்டு வேலைக்குப் போகிறவரும் தெரியாமல் போகிறவரும் ஒரே மாதிரி வேலை பார்க்க மாட்டார்கள்.

மேஸ்திரி போய்விட்டார் என்று சொல்ல முடியாது. ஏஜென்ட் என்று பெயர் மாறி வந்தார். 2000-க்குப் பிறகு நம் தென் மாவட்டக் கிராமங்களுக்குள் வந்து பெண் பிள்ளைகளை மேற்கு மாவட்ட மில்களுக்குக் கூட்டிப்போனார்கள். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் முடிவில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணச் செலவுக்கு ஆகும் என்றார்கள். சுமங்கலித் திட்டம் என்று அதற்குப் பெயர் விழுந்தது. கேம்ப் கூலி என்றும் சொல்வார்கள். நடுவில் உடம்பு முடியாமல் ஊருக்கு வந்த பெண்ணுக்கு அந்த மொத்தத் தொகை கிடைக்காமல் போனது. லீவு போட்ட நாட்களெல்லாம் மூன்று வருடக் கணக்கில் நீண்டுகொண்டே போயின. 2011-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ அமைப்பும் இன்னொரு டச்சு அமைப்பும் இதைப் பற்றி வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகுதான் துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் திரும்பிப் பார்த்தன. அந்தப் பெண்களின் வீடுகளில் நான் கேட்டபோது திரும்பத் திரும்ப வந்த பதில் ஒன்றுதான்: “கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டோம். என்ன எழுதியிருந்துச்சுன்னு யாரும் சொல்லலை.”

உங்களிடம் நான் கேட்க வந்ததும் இதுதான். நீங்கள் ஹெச்.ஆர். ஆன பிறகு ஒரு தாளில் யாரிடமாவது கையெழுத்து வாங்கினால், அதற்கு முன் அதை அவருக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்டுங்கள். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சம்பள ரசீது, குற்றச்சாட்டு மெமோ, ராஜினாமாக் கடிதம், எதுவானாலும் சரி. இதைச் செய்தால் பாதிச் சட்டம் தானாகவே கடைப்பிடிக்கப்பட்டுவிடும். படித்துக் காட்டக் கூசுகிற வரி எதையும் நீங்கள் எழுத மாட்டீர்கள்.

ஒரு சம்பள ரசீதைப் பற்றிச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு மில்லில் சம்பளம் கம்ப்யூட்டருக்கு மாறிய புதிது. விடுதியில் தங்கியிருந்த பெண் ஒருத்தி ஷிப்ட் முடிந்து, தலையில் பஞ்சு ஒட்டியிருக்க, டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தாள். கையில் ரசீது. இன்னொரு கையில் சுருட்டி வைத்த தினசரி காலண்டர் தாள்கள். “சார், இந்த மாசம் ஆறு நாள் ரெண்டாவது ஷிப்ட்டும் நின்னேன். இதுல ஓ.டி.ன்னு போட்ட கட்டத்துல ஒண்ணும் இல்ல” என்றாள். பக்கத்து நாற்காலிக்காரர், “சிஸ்டத்துல அப்படித்தான் வருதும்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவள் நகரவில்லை. காலண்டர் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஜன்னல் கட்டையில் வைத்தாள். ஒவ்வொரு தாளின் பின்புறமும் பேனாவால் வந்த நேரம், போன நேரம், அன்று கூட நின்ற பெண்ணின் பெயர். கேட் பதிவேட்டை எடுத்து ஒத்துப் பார்த்தோம். ஆறு நாளும் சரி. கூடுதல் மணி நேரத்தை மாற்று விடுப்பு என்ற கணக்கில் தள்ளும்படி யாரோ அந்த மென்பொருளில் அமைத்திருந்தார்கள். மிகை நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்பது சட்டம். மாற்று விடுப்பு கொடுத்துச் சமாளிக்கிற விஷயம் இல்லை. அவளோடு சேர்த்து அந்த டிபார்ட்மென்ட்டில் எல்லோருக்கும் மறு மாதம் பாக்கி போட்டோம். எட்டாவது வரை படித்த பெண் அவள். கணினி சொன்னதைவிடத் தன் தாள் சரி என்று நிற்கத் தெரிந்திருந்தது.

மென்பொருள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ராஜபாளையத்தில் வேர்விட்ட குழுமத்தின் ராம்கோ சிஸ்டம்ஸ், இன்று பல நாடுகளின் நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்கு மென்பொருள் செய்து தருகிறது. நம் ஊருக்கு அது பெருமை. ஆனால் மென்பொருளுக்குள் எந்த விதியைப் போடுவது என்று முடிவு செய்கிறவர் ஹெச்.ஆர்.தான். ரசீதில் உள்ள ஒவ்வொரு கட்டத்தையும், பி.எஃப். 12 சதவீதம், ஈ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், மெஸ், பஸ், முன்பணம் என்று, தொழிலாளி எதிரில் நின்று கேட்கும்போது மனப்பாடமாகச் சொல்ல உங்களால் முடிய வேண்டும். கல்லூரியில் இதற்குத் தனித்தாள் கிடையாது. வீட்டில் அம்மாவின் ரசீதை வைத்துப் பழகுங்கள்.

அடுத்தது மெமோ. நிலையாணைகளை ஆங்கிலத்திலும், பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் வாசல் பக்கம் ஒட்ட வேண்டும் என்று 1946-ன் நிலையாணைச் சட்டமே சொன்னது. இருந்தும் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவருக்கு இரண்டு பக்க ஆங்கில மெமோ கொடுத்து, “48 மணி நேரத்துக்குள் விளக்கம் தர வேண்டும்” என்று முடித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர் அதை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் படித்துச் சொல்ல ஆள் தேடினார். ஒருவர் “உன்னை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க” என்றார். இன்னொருவர் “மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடு, போதும்” என்றார். உள்விசாரணை என்பது என்ன, தன் தரப்புச் சாட்சியை அவர் அழைக்கலாம், நிர்வாகச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம் என்பதெல்லாம் யாரும் சொல்லவில்லை. அந்த விசாரணை நீதிமன்றத்தில் நிற்காது என்பது ஒரு பக்கம். அந்த மனிதர் இரண்டு ராத்திரி தூங்காமல் கிடந்தது இன்னொரு பக்கம். எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது.

இப்போது நம் மில்களில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பிள்ளைகள் நிற்கிறார்கள். அவர்களுக்குத் தமிழில் எழுதி ஒட்டினாலும் அது ஆங்கிலத்துக்குச் சமம்தான். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, பயந்துபோன ஆட்களிடம் அவர்கள் மொழியில் நாலு வார்த்தை பேச எத்தனை ஆலைகளில் ஆள் இருந்தது? உங்களில் யாருக்காவது இந்தியோ ஒடியாவோ கற்கும் வாய்ப்பு வந்தால் விட்டுவிடாதீர்கள். இந்த வேலையில் அது இன்னொரு டிப்ளமோவைவிட உபயோகப்படும்.

விடுதி, சாப்பாடு, கழிப்பறை எல்லாம் “அட்மின்” வேலை, ஹெச்.ஆருக்குச் சம்பந்தம் இல்லை என்று சொல்கிறவர்களையும் சந்திப்பீர்கள். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு விஷமாகி 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் தெளிவாகச் சொல்லாததால் வதந்தி பரவியது. பெண்கள் சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஐபோன் செய்கிற ஆலை மூடிக் கிடந்தது. விடுதியைக் காண்ட்ராக்டர் நடத்தினார் என்பது அப்போது யாரையும் காப்பாற்றவில்லை.

சங்கம் என்றதும் முகம் சுளிக்கப் பழகிவிடாதீர்கள். 2024 செப்டம்பர் 9-ல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஐந்து வாரத்துக்கு மேல் நீடித்தது. அதன் நடுநாயகமான கோரிக்கை எங்கள் சங்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான். 1918-ல் பெரம்பூரில் கேட்டதும் அதுவே. எதிரில் பேச ஒரு சங்கம் இருப்பது நல்ல ஹெச்.ஆருக்குப் பாரம் இல்லை. உள்ளே புகைவது அவருக்கு முதலிலேயே தெரிந்துவிடும்.

பெண்கள் பாதுகாப்பு விஷயத்தில் நாம் திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து படிக்க வேண்டும். 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதி ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம் பெண் ஒருத்தி, தன் மேற்பார்வையாளனாலேயே கொல்லப்பட்டாள். அங்கேயும் புகார் கமிட்டி என்று ஒரு பெயர்ப்பட்டியல் சுவரில் இருந்திருக்கும். பல ஆலைகளில் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு வேண்டும், தலைவர் மூத்த பெண்ணாக இருக்க வேண்டும், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர் என்று 2013-ன் சட்டம் சொல்கிறது. காகிதத்தில் குழு இருந்தும் பயன் இல்லை என்று கண்ட தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், பெண்களே தலைமை தாங்கும் சங்கம் அது, 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. ஆடை வாங்கும் ஹெச் அண்ட் எம் கம்பெனியும் தனியாகக் கையெழுத்திட்டது. திண்டுக்கல் உடன்படிக்கை என்று இன்று உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். லைனில் தைக்கிற பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தேர்ந்தெடுத்துச் சங்கம் பயிற்சி கொடுத்தது. கேலிப் பேச்சு, கத்தல், கை படுவது என்று சின்னதாக இருக்கும்போதே அது மேஜைக்கு வந்துவிடும். புகார் சொன்னவளைப் பழிவாங்கினால் அதுவே ஒப்பந்த மீறல். உங்கள் ப்ராஜெக்ட் தலைப்புக்கு எங்கெங்கோ தேடுகிறீர்கள். பஸ் ஏறினால் மதியத்துக்குள் திண்டுக்கல் போய்விடலாம். இதை எழுதுங்கள்.

சட்டம் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது. பழைய பாடப்புத்தகத்தை மட்டும் நம்பி இன்டர்வியூவுக்குப் போகாதீர்கள். வேலைக்குச் சேரும் எல்லோருக்கும் பணி நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். வேலையை விட்டு நின்றவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கு முடித்துச் சம்பளம் கொடுக்க வேண்டும். அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி சம்பளமாகவே கணக்காகும். தொழிற்சங்கங்கள் இவற்றில் பலதை எதிர்க்கின்றன. வேலைநிறுத்தத்துக்கு முன்னறிவிப்பு, ஆட்குறைப்புக்கு அனுமதி கேட்கும் வரம்பு 100-லிருந்து 300 ஆனது ஆகியவற்றில் அவர்கள் சொல்வதை நானும் ஒப்புக்கொள்கிறேன். தமிழ்நாட்டின் சொந்தச் சட்டங்களையும் மறக்கக் கூடாது. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்த தொழிலாளி நிரந்தரமாக வேண்டும் என்று 1981-ல் நாம் சட்டம் போட்டோம். 479-ஆம் நாளில் ஆளை நிறுத்தி, பத்து நாள் கழித்துப் புதுப் பெயர்ப் பதிவில் சேர்க்கச் சொல்லி உங்களிடம் யாராவது ஒரு நாள் சொல்வார்கள். அன்றைக்கு என்ன செய்வீர்கள் என்று இன்றே யோசித்து வையுங்கள்.

உங்களுக்குச் சம்பளம் தருகிறவர் முதலாளி என்பது எனக்குத் தெரியும். அவரை எதிர்த்து நில்லுங்கள் என்று சொல்லவில்லை. ஆள் கிடைக்கவில்லை, வந்தவர்கள் மூன்று மாதத்தில் ஓடிவிடுகிறார்கள் என்பதுதான் இன்று மில்காரர்களின் பெரிய கவலை. சேரும்போது சொன்னதும் மாத முடிவில் கொடுத்ததும் ஒன்றாக இருந்த இடத்தில் ஆட்கள் தங்கியதைப் பார்த்திருக்கிறேன். இதைக் கணக்கு போட்டு, விட்டுப் போனவர்களின் எண்ணிக்கையையும் புதிதாக ஆள் பழக்கும் செலவையும் வைத்து முதலாளியிடம் காட்டத் தெரிவது உங்கள் படிப்பு. அங்கே நீங்கள் கற்ற எக்செல் வேலைக்கு ஆகட்டும்.

ஹெச்.ஆர். அதிகாரியே இல்லாத இடங்கள்தான் நம் பக்கம் அதிகம். பத்துத் தறி ஓடும் கூடத்தில் முதலாளியின் நோட்டுதான் பதிவேடு. ஈ.எஸ்.ஐ.க்கு 10 பேர், பி.எஃப்.க்கு 20 பேர் என்ற வரம்பைத் தொடாமல் ஒரே கூடத்தை இரண்டு பெயரில் பிரித்து வைப்பதும் நடக்கிறது. அங்கே போய் வேலை பார்க்க உங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆனால் உங்களில் நாலு பேர் சேர்ந்து சிறு தறிக்கூடங்களுக்குச் சம்பளக் கணக்கு, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பதிவு இவற்றைச் செய்து கொடுக்கும் ஓர் அலுவலகத்தை ராஜபாளையத்திலேயோ ஸ்ரீவில்லிபுத்தூரிலேயோ தொடங்கினால், நெசவாளிக்கும் நல்லது, அபராதத்துக்குப் பயப்படும் சின்ன முதலாளிக்கும் நல்லது. எல்லோரும் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும்தான் போக வேண்டுமா?

கடைசியாக ஒரு காரியம். நம் பெண்கள் கல்யாணத்துக்காக வேலையை விடும்போது பி.எஃப். பணத்தை முழுவதும் எடுத்துவிடுவார்கள். குழந்தை பள்ளிக்கூடம் போனதும் வேறு மில்லில் புதுக் கணக்கில் சேருவார்கள். பத்து வருடச் சேவை சேர்ந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. இடையில் ஓய்வூதியப் பணத்தையும் எடுத்துவிட்டதால் முதல் ஐந்து வருடம் காணாமல் போயிருக்கும். எடுக்காமல் திட்டச் சான்றிதழ் (ஸ்கீம் சர்டிபிகேட்) வாங்கி வைத்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அந்த ஜன்னலில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதே போல, பணியில் இருக்கும்போது உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. கணவனை இழந்தவருக்கு ஓய்வூதியமும் உண்டு. கல்யாணத்துக்குப் பின் புதிதாக நாமினேஷன் போட வேண்டும் என்பது விதி. அதைப் போடாததால் துக்க வீட்டுக்காரர்கள் வாரிசுச் சான்றிதழுக்கு மாதக்கணக்கில் அலைகிறார்கள்.

ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் யாருக்கு பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண் இருக்கிறதோ அவர்களை உட்கார வைத்து, போனில் பாஸ்புக்கைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டுங்கள். பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்திருக்கிறதா, எந்த மில்லின் பணம் எந்த மாதத்தோடு நின்றது, நாமினி யார் என்று பாருங்கள். முடிந்ததும் பக்கத்து வீட்டுக்கும் போங்கள்.

அன்புடன்,
பழைய டைம் ஆபீஸ்காரர் ஒருவர்